அண்ணி கடலில் இறங்கிய நாள்

பவளப்பாறைகளைக் காக்கும் வேலைக்குத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று எனக்கு விலங்கியல் கற்றுக்கொடுத்த பேராசிரியை செய்தி அனுப்பியிருந்தார். நானும் என் கணவரும் சேர்ந்து போவதாகத்தான் இருந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவருக்குப் பேக்கிங் பிரிவில் வேலை. கிளம்பும் நேரத்தில் அவசர ஷிப்மென்ட் வந்து லீவு ரத்தாகிவிட்டது.

“அக்காவ கூட்டிட்டுப் போயேன்,” என்றார்.

எனக்குத் திக்கென்றது. அவருடைய அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கணவரை மாரடைப்பில் பறிகொடுத்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. இன்னொரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். வேலைக்குப் போவார், வருவார், கதவைச் சாத்திக்கொள்வார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் தலைகாட்டுவதில்லை.

“கடலுக்கா? அங்க எனக்கு இன்னா வேலை?” என்றார்.

“தனியா போக பயமா இருக்கு அண்ணி,” என்றேன். அது உண்மைதான். அவர் துணி எடுத்துவைக்கப் போனார்.

காட்பாடியில் ரயிலேறி மண்டபம் போய்ச் சேரும்வரை அவர் பேசியது பத்து வார்த்தை இருக்கும்.

மறுநாள் காலை படகில் ஏறினோம். அலை ஜாஸ்தி. ஆசை ஆசையாகப் போன நான்தான் முதலில் வாந்தி எடுத்தேன். அண்ணி என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணும் இல்ல, எடுத்துடு, எடுத்துடு,” என்றபடி முதுகைத் தடவினார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னைத் தொட்டதாக நினைவில்லை.

நங்கூரம் போட்ட பிறகு எங்கள் வேலை என்னவென்று விளக்கினாள் பயிற்சி கொடுத்த பெண். அந்தக் கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அலையிலும் வலையிலும் சிக்கி உடைந்த பவளத் துண்டுகளைக் கடல்நீர் நிரப்பிய தொட்டியில் போட்டுவைத்திருந்தார்கள். அவற்றைச் சிமென்ட் பலகைகளில் நைலான் நூலால் கட்டித்தர வேண்டும். முக்குளிப்பவர்கள் அந்தப் பலகைகளைக் கொண்டுபோய்க் கடலடியில் வைப்பார்கள். துண்டுகள் பிடித்துக்கொண்டு வளரும்.

அண்ணி ஷூத் தோலை இழுத்துத் தைத்த பழக்கத்தில் நூலைச் சுண்டி இழுத்தார். துண்டு படக்கென்று இரண்டாக முறிந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ, சாவடிச்சிட்டனா?”

“இல்லக்கா. ரெண்டும் உயிரோடதான் இருக்கு. ரெண்டையும் தனித்தனியா கட்டுங்க, வளரும்,” என்றாள் அந்தப் பெண்.

அண்ணி நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு அந்த இரண்டையும் யாரிடமும் தராமல் தானே பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெதுவாகக் கட்டினார்.

வேலை முடிந்ததும், விருப்பமிருந்தால் மிதவைச் சட்டையும் முகமூடியும் மூச்சுவிடும் குழாயும் மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி கீழே பார்க்கலாம் என்றார்கள். அண்ணி இறங்கமாட்டார் என்று நினைத்தேன். சுடிதாரோடு ஏணியில் இறங்கிவிட்டார். அவர் இறங்கிய தைரியத்தில் நானும் இறங்கினேன். தண்ணீர் கொஞ்சம் கலங்கல். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும், பழுப்பும் பச்சையுமாக மான்கொம்பு போன்ற கிளைகள் தெரிந்தன. நடுவில் கோடு போட்ட சின்ன மீன்கள் எங்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. சில இடங்களில் பவளம் செத்து வெளுத்துக் கிடந்தது.

எனக்குச் சீக்கிரமே மூச்சு முட்டியது. மேலே வந்துவிட்டேன். அண்ணி வரவில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடியே மிதந்தார். அந்தப் பெண் நீந்திப் போய் அவர் தோளைத் தொட்டாள்.

“அக்கா, மாஸ்க்குக்குள்ள தண்ணி நிக்குதே. கசியுதா?”

அண்ணி முகமூடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. “கசியலம்மா,” என்றார். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். முகமூடியைக் கழுவி மறுபடி மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே மிதந்தாள். நாங்கள் படகில் காத்திருந்தோம். யாரும் அவசரப்படுத்தவில்லை.

திரும்பும்போது அண்ணி என் தோளில் சாய்ந்துகொண்டார்.

“ஆறு மாசமா எல்லாரும் எதாவது சொல்லிட்டே இருக்காங்க. தைரியமா இரு, மனச தேத்திக்கோன்னு. அழுதா ஒடனே தண்ணி கொண்டாந்து கொடுப்பாங்க. அங்க கீழ யாரும் ஒண்ணும் சொல்லல. என் மூச்சு சத்தம் மட்டுந்தான். நல்லா அழுதுட்டேன்,” என்றார்.

அவர் சாய வசதியாக நான் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

ஊருக்கு வந்த மறு ஞாயிற்றுக்கிழமை கணியம்பாடியில் உறவுக்காரப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். நாங்கள் கிளம்பும் நேரத்தில் அண்ணி புடவை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். என் கணவர் கார் கதவைத் திறந்துவிட்டார்.

பந்தியில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியப்பா, நாங்கள் போய்வந்த கதையைக் கேட்டுவிட்டு, “பவளம்னா கல்லுதானே? அதுக்குப் போயி கட்டு போட்டீங்களா?” என்று சிரித்தார்.

“கல்லா? இன்னா பெரியப்பா பேசற நீ? அது உயிரு. வாயி இருக்குது, சாப்புடுது. நான் கண்ணால பாத்தேன்,” என்று அண்ணி பிடித்துக்கொண்டார். இலையில் சோறு ஆறிப்போனது. பரிமாறுகிறவர்கள் இரண்டு முறை வந்து திரும்பிப் போனார்கள். அவர் நிறுத்தவில்லை.