பின்னால் வந்த பஸ்

எங்கள் கம்பெனி பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, ஞாபகம் வந்தவராக அதை எடுத்துக்கொண்டார் எங்கள் பிரிவை மேற்பார்த்துவந்த சார்ஜ்மேன். மாரெட்பள்ளி நிறுத்தம், காலை நேரம். முந்தைய வாரம்தான் அவரை அதிகாரியாக உயர்த்தியிருந்தார்கள். அதிகாரிகளுக்குத் தனி பஸ்; அது பின்னால் வரும்.

மின்னணுக் கருவிகள் செய்யும் அரசுத் தொழிற்சாலை. எழுபதுகளின் கடைசியில் நல்ல லாபம். தொழிலாளிகளுக்கு போனஸும் ஓவர்டைமும் உண்டு. அதிகாரிக்கு இரண்டும் இல்லை. பதவி உயர்ந்ததில் அவர் வருமானம் குறைந்துதான் போயிற்று. லாபம் வரும் கம்பெனிகளில் ஊழியர்கள் ஏன் சோர்ந்துபோகிறார்கள் என்று இப்போது செய்தித்தாளில் எழுதுகிறவர்கள் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவரை வாட்டியது அது மட்டுமல்ல.

பல வருடங்களாகப் பஸ்ஸின் கடைசி இருக்கையில் அவர், நான், யூனியன் செயலாளர், ஒரு ஃபிட்டர் என நால்வரும் ரம்மி ஆடுவோம். சீட்டை ஒளிப்பதில் அவர் கெட்டிக்காரர். உருதுவில் தொடங்கித் தமிழில் முடிக்கும் ஃபிட்டர், "க்யா பாய், கையக் காட்டு" என்று அவர் சட்டைக் கையைப் பிடித்து உதறுவார்.

"அந்த பஸ்ல ஒருத்தனும் வாயத் தொறக்கறதில்லப்பா. எல்லாம் படிச்ச புள்ளைங்க. பேப்பர விரிச்சிடுதுங்க" என்றார் ஒருநாள் என்னிடம். பழைய கிரேடுக்கே திருப்பி அனுப்பும்படி மேலாளரிடம் கேட்டார். மேலே போகத்தான் விதி இருக்கிறது, கீழே வர இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் அவர் எங்கள் பஸ்ஸிலேயே ஏறினார். சிரித்தபடி கடைசி இருக்கை வரை வந்தார். செயலாளர் சீட்டுகளைச் சட்டென்று பைக்குள் போட்டார். ஃபிட்டர் எழுந்து நின்றார்.

"உக்காருங்க சார்."

"என்னய்யா சாரு? சீட்டப் போடு."

"நக்கோ சார், வேணாம். ஆபீசர் முன்னால ஆடினா நாளைக்கு மெமோ வரும்."

கேலிதான். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் சீட்டு வெளியே வரவில்லை. தொழிற்சாலை வாசல் வரை ஐந்தாறு வார்த்தை பேசியிருப்போம். எல்லாம் வெயிலைப் பற்றி.

அடுத்த நாள் நிறுத்தத்தில் அவர் சற்றுத் தள்ளி, பின்னால் வரும் பஸ்ஸுக்காக நின்றிருந்தார். நான் கையசைத்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பஸ் நகர்ந்ததும் செயலாளர் சீட்டைக் கலைத்தார்.

"மூணு கைதானே?" என்றார்.