அம்மாவின் குட்டித் தோடு

திருகோணமலை நகரத்து அழகு நிலையமொன்றில் காது குத்தப் பழகிய காலம். மூதூரிலிருந்து மகளோடு வந்த தாய் ஒரு குட்டித் தங்கத் தோட்டை நீட்டினார். "எனக்குக் காது குத்தேக்க போட்டது. இதையே போட்டுவிடுங்கோ."

மறுக்க மனம் வரவில்லை. ஊசி, கையுறை எல்லாம் புதிது. தோட்டை மட்டும் பஞ்சால் துடைத்துப் போட்டேன்.

ஐந்தாம் நாள் பிள்ளையின் காது சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் தோட்டைக் கழற்றினார்கள். தாய் என்னை ஏசவேயில்லை. அதுதான் இன்றும் சுடுகிறது.

போன மாதம் அந்தப் பிள்ளை வளர்ந்த பெண்ணாக வந்தாள். துளை தூர்ந்திருந்தது. கையில் அதே தோடு.

"அன்ரி, இப்ப போடலாமோ?"

"இப்ப ஏலாது" என்று கிருமி நீக்கிய புதுத் தோட்டின் பொதியைப் பிரித்தேன். "முதல்ல இதால குத்துறன், காது நல்லா ஆறட்டும். அம்மாவின்ர தோட்டை நானே போட்டுவிடுறன்."