ஐந்தாவது ஆளாக நான்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஓர் அறைக்குள் நுழைந்தேன். உள்ளே நான்கு பெண்கள் இருந்தார்கள். நான் காலை வைத்ததுதான் தாமதம், அதில் ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விட்டார்.

உங்களுக்கு இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்? நான் முதலில் என் முந்தானையை மோந்து பார்த்தேன். மதியம் சாப்பிட்ட எண்ணெய் பரோட்டா காட்டிக்கொடுத்துவிட்டதோ? விருதுநகர்க்காரிக்கு அந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு.

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்.

சிவகாசியில் ஒரு மைதானத்தில் இரண்டு நாள் விழா. கோயில் கொடை இல்லை. உள்ளூர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தியது. சிலம்பம், கோலப் போட்டி, உறியடி, அவித்த பனங்கிழங்கு, காணாமல் போன குழந்தையின் சட்டை நிறத்தை மூன்று விதமாகச் சொல்லும் மைக்காரர்... எல்லாம் இருந்தது. இப்படிக் கூட்டம் என்றால் எனக்கு உயிர். "அதான் வீட்டுலயே டிவி இருக்கே" என்பார் என் கணவர். டிவி பார்த்தால் யார் வந்து என்னை இடிக்கப்போகிறார்கள்? பஸ் ஏறிவிடுவேன்.

இந்த முறை மைதானம் முழுக்கக் கலைப் படைப்புகளும் வைத்திருந்தார்கள். சட்டம் போட்டு மாட்டுகிற சங்கதி இல்லை. சுற்றிவந்து பார்க்கலாம், தொடலாம், உள்ளே நுழையலாம். அச்சுப் பிசகிய காலண்டர் தாள்களில் ஆள் உயரத்துக்கு ஒரு மயில் நின்றது. தோகை முழுக்கச் சிவப்பு ஞாயிற்றுக்கிழமைகள். பார்த்ததுமே லீவு கிடைத்த மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்ததுதான் நான் சொன்ன அறை.

பட்டாசுக்கு மருந்து அடைப்பார்களே, அந்தக் காகிதக் குழாய்கள். மருந்து கிடையாது, எல்லாம் வெற்றுக் குழாய்கள். ஒரு வாய் அறைக்குள்ளும் மறுவாய் வெளியிலும் தெரிகிற மாதிரி படுக்கவைத்து அடுக்கி ஒட்டி நாலு சுவர் எழுப்பியிருந்தார்கள். மேலே கறுப்புத் துணிக் கூரை. கூரையில் இருந்து பன்னிரண்டு கயிறுகள் தொங்கின. ஒரு கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தால், மேலே பட்டாசு லேபிள் தாளில் செய்த ஒரு பூ விரியும். அதன் நடுவில் குட்டி பல்பு எரியும். கையை எடுத்தால் பூ மூடிக்கொள்ளும். பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் கூரை முழுக்க வெளிச்சம். சத்தமே இல்லாத வாணவேடிக்கை!

செய்தவள் பெயர் தாரணி. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். படிப்பு முடித்துத் தனியாகச் செய்த முதல் பெரிய வேலை இது. ஆனால் முகத்தில் களையே இல்லை.

"ரெண்டு நாளா ஒரு தடவைகூட முழுசா எரியலைங்க" என்றாள். "ஏழு மணிக்கு லாரி வந்துரும். பிரிச்சு ஏத்திருவாங்க."

ஏன் எரியவில்லை? வெளியே வரிசை நீளமாக நிற்கிறது. ஆனால் ஒரு நேரத்துக்கு நாலு பேர்தான் உள்ளே போகிறார்கள். அவர்கள் வெளியே வந்தபிறகு அடுத்த நாலு பேர். அப்படிப் போகச் சொல்லி எங்கேயும் போர்டு கிடையாது. சனிக்கிழமை காலையில் முதலில் வந்தவர்கள் அப்படிப் போனார்களாம். பின்னால் வந்தவர்களும் அப்படியே.

"வாசல்ல செருப்பைக் கழட்டறாங்க. போனை வெளிய ஒருத்தர்கிட்ட குடுத்துட்டுத்தான் போறாங்க. இந்த ஊர்ல கலைக்கு என்ன ஒரு மரியாதைங்க!" என்றாள் தாரணி, அந்த வருத்தத்திலும்.

நானும் தலையை ஆட்டினேன். கோயில் மாதிரி நினைத்துவிட்டார்கள் போல என்று நானே ஒரு விளக்கமும் கொடுத்தேன். நமக்குத்தான் எதற்கும் விளக்கம் கையிருப்பில் இருக்குமே! 'நான் உள்ளே போய் மற்றவர்களையும் கூப்பிடுகிறேன் பார்' என்று வீராப்பாக நுழைந்தேன். அப்போதுதான் அந்தப் பெண் வெளியே போனது.

விடுவேனா? பின்னாலேயே போய்ப் பிடித்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். முத்துலட்சுமி என்று பெயர் சொன்னார். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை. தினமும் கம்பெனிக்கு ஏற்றிப்போகும் வேனையே வாடகைக்குப் பேசிக்கொண்டு, கூட வேலை பார்க்கும் பெண்கள் எல்லோருமாக வந்திருந்தார்கள்.

"ஏங்க்கா, நான் வரவும் பொசுக்குன்னு வெளிய வந்துட்டீக? எம்மேல எதுவும் வருத்தமா?"

அவர் முழித்தார். "நானா? வந்துட்டனா?" என்றவர், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தானே சிரித்தார். "ஆமா தாயி. நீங்க அஞ்சாவது ஆளா வந்தீகள்ல. ரூமுக்கு நாலு பேருதான?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. பட்டாசு கம்பெனியில் மருந்து புழங்கும் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. செருப்பு கூடாது, போன் கூடாது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பேப்பரில் இதைப் படிக்கிறேன். படித்துவிட்டு 'ஐயோ பாவம்' என்று சொல்லிக்கொண்டே அடுத்த பக்கம் புரட்டுகிறேன். இவர்களுக்கு அது காலிலேயே பதிந்திருக்கிறது.

"இங்கன மருந்து ஒண்ணும் கெடையாதுக்கா. வெறும் குழாய்தான்."

"தெரியாதாக்கும்? இதுல பாதிக் குழாய நாங்களே உருட்டியிருப்போம். தெரிஞ்சு என்ன செய்ய? கால் கேக்க மாட்டேங்குதே."

தாரணியிடம் வந்து சொன்னேன். மரியாதை என்று அவள் நினைத்தது எதுவென்று தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது.

"தீபாவளிக்கு எங்க ஊர்ல வானத்துல பட்டாசு பூப்பூவா விரியும்ங்க. இதைச் செஞ்சவங்க இதைப் பாத்திருப்பாங்களான்னு தோணுச்சு. அவங்க பாக்கணும்னுதானுங்க இங்க கொண்டுவந்தேன்."

முத்துலட்சுமி பக்கத்தில்தான் நின்றார். "நெசந்தான். மேல போயி வெடிக்குமே பேன்சி வெடி, அது நாங்க செய்யிறதுதான். ஆனா நின்னு பாத்தது கெடையாது. சீசன் முடிஞ்ச அசதி இருக்குல்ல? தீவாளியன்னிக்கு அடிச்சுப்போட்ட கணக்கா ஒறங்கிருவோம்."

மணி ஐந்தரை. எனக்குள் இருக்கும் நாட்டாமை விழித்துக்கொண்டாள். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் பிடிக்கிறவள் நான். பன்னிரண்டு பேரைச் சேர்க்க முடியாதா? "வாங்க, வாங்க, நான் இருக்கேன்ல, பயப்படாதீக" என்று அந்தப் பெண்களை இழுத்து, தள்ளி, கெஞ்சி ஒருவழியாக உள்ளே நிறுத்திவிட்டேன். "ம்... இழுங்க!" என்றேன்.

இழுத்தார்கள். பூக்கள் விரிந்தன. பல்புகள் எரிந்தன. ஆனால் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அத்தனை பேர் கண்ணும் வாசலில் இருந்தது. கடைசியில் நின்ற பெண்ணுக்குப் பாதிக் கால் வெளியே. "மேல பாருங்க, மேல பாருங்க" என்று நான் கத்தக் கத்த அவர்களின் முகம்தான் வெளிறியது. யாரோ கயிற்றை விட்டார். அடுத்த நொடி அறை காலி.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நன்றாக எரிந்ததுதான். யார் பார்த்தார்கள்? நாம் ஒருத்தரைச் சந்தோஷப்படுத்தியே தீருவது என்று கிளம்பினால் இப்படித்தான் ஆகிறது. அவர்களை உலுக்கி எடுத்துவிட்டுத்தான் ஓய்கிறோம்.

தாரணி வெறும் அறைக்குள் போய் நின்றாள். சாயங்கால வெயில் குழாய்களின் ஓட்டை வழியே புள்ளி புள்ளியாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று வெளியே ஓடிவந்தாள்.

"அக்கா, நூல் வேணும்! நிறைய வேணும்!"

பக்கத்துப் பரோட்டா ஸ்டாலில் பார்சல் கட்டும் நூல்கண்டு இருந்தது. வாங்கி முறுக்கி, எட்டுக் கயிறுகளின் நுனியில் முடிச்சுப் போட்டாள். நூலைச் சுவரில் இருந்த குழாய்களுக்குள் நுழைத்து வெளியே எடுத்தாள். புரிகிறதா? நாலு கயிறு அறைக்குள். எட்டுக் கயிறு வெளியே.

"உள்ள நாலு பேர்தான். மத்தவங்க வெளிய நின்னு இழுங்க" என்றாள் தாரணி.

இதற்கு யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. முத்துலட்சுமியும் இன்னும் மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். எட்டுப் பேர் சுவரைச் சுற்றி நின்று நூலைப் பிடித்தார்கள். அதில் ஒருத்தி நான். சத்தம் கொடுக்கிற வேலையும் எனக்கே வந்தது. அதற்காகவே பிறந்த தொண்டை.

"ஒண்ணு... ரெண்டு... இழுங்க!"

வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சுவரைப் பார்த்தபடி நூலை இழுத்துக்கொண்டு நிற்கிறோம். "எரியுதா? ஏக்கா, எரியுதா?" என்று எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் குழாய் வழியாகக் கேட்டார். நானும் நூலைப் பிடித்தபடியே குழாயில் காதை வைத்தேன். முடிச்சு அவிழ்ந்துவிட்டதோ? மறுபடி பயந்துவிட்டார்களோ?

"யாத்தீ..." என்று உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு நாலு பேரின் சிரிப்புச் சத்தம். நாங்களும் சிரித்தோம், எதற்கென்று தெரியாமலே. தாரணி வாசலில் நின்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையை அவள் பார்க்கவே இல்லை.

கை வலிக்க வலிக்க விடாமல் பிடித்தோம். தெரியாத யாரோ நாலு பேர் வெளிச்சம் பார்ப்பதற்காக நான் கை வலிக்க நின்றது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முத்துலட்சுமிக்கு இது புதிதா என்ன? ஊர் பார்க்க வெளிச்சம் செய்வதுதானே அவர் பிழைப்பே!

நாலு பேரும் வெளியே வந்தார்கள். முத்துலட்சுமி வாசலில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டார். கண்ணோரம் ஈரம், உதட்டில் சிரிப்பு.

தாரணி பக்கத்தில் போய்க் குனிந்து, "எப்படிங்க்கா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

முத்துலட்சுமி திரும்பித் தன் கூட்டாளிகள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சு தாயி. அம்புட்டு வெடிச்சும் நாலு பேரும் முழுசா வெளிய வந்துட்டோம்ல."