பாதி அழிந்த 212-ஆம் கேசட்

"புதன். 212 பாதி அழித்தாயிற்று. கரண்ட் போனது. மீதி நாளை."

எங்கள் வீடியோ கடைப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கும் வரி இது. மாதம் ஆடி. வருடம் எழுதிய முனை கிழிந்துவிட்டது. எண்பதுகளின் நடுப்பகுதி என்று மட்டும் சொல்ல முடியும்.

மதுரையில் ஒரு மாடியில் இருந்தது கடை. மொத்த வியாபாரிகளிடம் நாங்கள் புதுப்பட கேசட் வாங்கப் போனால், தியேட்டரில் ஓடாத படங்கள் இரண்டையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். மூன்று மாதம் யாரும் எடுக்காத கேசட்டின் மேல் வேறு படத்தைப் பதிந்துவிடுவது எங்கள் வழக்கம். மேலே பதியக் கூடாது என்பதற்காக கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை உடைத்திருப்பார்கள். அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் வீடியோ டெக் ஏமாந்து, மேலே பதிய விட்டுவிடும்.

ஒட்டுவதற்கு முன் முழுப் படத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவேன். மதிய வேளை, ஆளில்லாத கடை, ஃபேன் சத்தம். யாரும் பார்க்காத படங்களில் யாரும் பார்க்காத மழை பெய்துகொண்டிருக்கும். எந்த ஊரில் எடுத்தார்கள் என்று குறித்துவைப்பேன். அந்தப் புதன்கிழமை மட்டும் பார்க்கவில்லை.

"நீ பாத்துக்கிட்டே இரு மாப்ள. அடுத்த கடைக்காரன் புதுப்படத்தக் குடுத்து அம்புட்டுப் பேரையும் இழுத்துட்டுப் போகட்டும்" என்றார் முதலாளி செல்லையா. டேப் ஒட்டினேன்.

மறுநாள் கடை திறந்ததும் பேரையூர் பஸ் கண்டக்டர் ஒருவர் தன் அம்மாவைக் கைபிடித்து மாடியேற்றி வந்தார். அவர் கேட்ட படம் இருந்தது 212-இல்.

"நாலே நாள் ஓடுன படம்ணே. வண்டியூர் தெப்பக்குளத்துல எடுத்தாய்ங்க. கூட்டத்துல என் தம்பி நிப்பான்."

படம் வந்த வருடமே தம்பி வீட்டைவிட்டுப் போய்விட்டானாம். ஒரு போட்டோ கூடக் கிடையாது. அம்மா அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

"முதல் பாதி போயிருச்சுங்க. நான்தான் அழிச்சேன்" என்றேன்.

கண்டக்டர் அம்மாவை டிவிக்கு முன்னால் உட்காரவைத்தார். "மிச்சம் இருக்குல்ல? போடுங்க."

புதுப்படத்தின் சண்டைக் காட்சி ஓடியது. கதாநாயகன் உதைக்கத் தூக்கிய கால் இறங்கவே இல்லை. திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. அவை அடங்கியபோது தெப்பக்குளம் தெரிந்தது. சாயங்கால வெயில். தண்ணீர் மெல்ல அசைந்தது. கைப்பிடிச் சுவரோரம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் யாரையோ திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"நிப்பாட்டுய்யா" என்றார் அம்மா.

நிறுத்தினேன். கோடுகளுக்கு நடுவே அந்தச் சிரிப்பு நடுங்கியபடி நின்றது.

"மெலிஞ்சு போயிருக்கான். இந்தச் சட்டைய யாரு எடுத்துக் குடுத்தா இவனுக்கு?"

ஐந்து முறை திருப்பிப் போட்டேன். பார்த்து முடித்து அம்மா படியோரம் போய் நின்றதும், கண்டக்டர் பையை எடுப்பதுபோல் திரும்பி வந்தார்.

"அது அவன் இல்லண்ணே. அவன் நின்ன சீனு இடைவேளைக்கு முன்னாடியே வந்துரும். நீலச் சட்டை போட்டிருந்தான்."

"அம்மாட்ட சொல்லலையா?"

"எதுக்கு? அடுத்த வாரமும் கூட்டிட்டு வாரேன். இத மட்டும் அழிச்சிராதீக."

செலோடேப்பை உரித்தேன். அதன்பின் முழுதும் பார்க்காமல் எந்தக் கேசட்டிலும் டேப் ஒட்டியதில்லை. முதலாளியின் ஏச்சு பழகிவிட்டது.

அந்தப் படத்தின் இன்னொரு பிரதியைப் பல வருடம் தேடினேன். கிடைக்கவில்லை. அதனால் முதல் பாதியில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் நின்றானா, அல்லது கண்டக்டரின் நினைவு பிசகி, அம்மா பார்த்ததுதான் சரியா என்பதை இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை.