இலைக்கொடிக்குப் பின்னால் ஈரம்

மகளுக்கு ஐந்து வயதானபோது நாங்கள் கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு பேஸ்மென்ட் வீட்டில் இருந்தோம். அவளுடைய கட்டிலை ஒட்டிய சுவரில் பூஞ்சணம் பிடித்திருந்தது. முதலில் மூலையில் உள்ளங்கை அளவுதான். மார்கழி வர, தலைமாட்டுப் பக்கம் முழுக்கக் கறுத்துவிட்டது. மனைவி பிளீச் போட்டுத் தேய்ப்பாள். பத்து நாளில் திரும்ப வரும். வீட்டுக்காரரிடம் நான்கு தடவை போய்ச் சொன்னேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். அந்த அறையின் ஜன்னல் பாதிவரை பனியில் புதைந்திருந்தது.

வேறு வீடு தேடாமலில்லை. சில இடங்களில் முன்னமே யாருக்கோ கொடுத்தாகிவிட்டது என்றார்கள். சிலர் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு போன் எடுக்கவேயில்லை.

அப்போது நான் வால்பேப்பர் அச்சிடும் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்தேன். பிரான்சில் பழைய மாளிகைச் சுவர்களிலிருந்து உரித்தெடுத்த துண்டுகளைப் பார்த்து, அந்தக் காலத்துக் கோடுகளையும் பூங்கொடிகளையும் திரும்ப வரைந்து, இன்றைய வீடுகளுக்காக அச்சிடுவார்கள். அச்சாகி வரும் சுருள்களை வெளிச்சத்தில் விரித்துப் பிழை பார்ப்பது என் வேலை. நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற வசதியான பகுதியில் வீடு திருத்துகிறவர்கள் வந்து, ஒரு கோட்டின் பச்சை இன்னும் கொஞ்சம் மங்கலாக வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் பேசுவார்கள். நான் மாதிரித்தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். நினைப்பெல்லாம் என் வீட்டுச் சுவரில் இருக்கும்.

தை மாதம் ஒரு சுருள் அச்சில் பிழையாகிவிட்டது. வெண்ணெய் நிறத்தில் அகலக் கோடுகள், நடுவே ஏறிப்போகும் ஒரு கொடி. பச்சை மை மயிரிழை விலகி, இலைகள் தங்கள் ஓரத்துக்கு வெளியே நின்றன. எறியப்போனதை முதலாளி அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் சுருளைக் கண்டதும் மனைவி கேட்டாள். "என்னப்பா செய்யப்போறியள்?"

"பிள்ளையின்ரை அறைக்கு ஒட்டப்போறன்."

"பூஞ்சணத்துக்கு மேலையோ? மூடினாப்போலை அது போயிடுமே?"

"வேறை என்ன செய்யச் சொல்லுறீர்? கண்ணாலையாவது காணாமல் இருப்பம்."

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் பூசைக்குப் போன நேரத்தில் ஒட்டினேன். சுவர் சரிவென்று அதுவரை எனக்குத் தெரியாது. நேர்க்கோடுகள் ஒட்டியபிறகுதான் தெரிந்தது. கோயிலால் வந்த மகள், குளிர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் ஏறி நின்று, இலைகளைத் தடவித் தடவி, "ஸே போ, அப்பா! ஸே போ!" என்றாள். பிரெஞ்சில், அழகு, அழகு என்று. அவளுக்கு நான் எதையோ கொடுத்துவிட்டேன் என்று அன்றைக்கு நம்பினேன்.

இரண்டு கிழமையில் ஒரு வெண்ணெய்க் கோட்டில் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. பூஞ்சணம் பசையையே தின்று வளர்ந்திருக்கிறது. மிச்சமிருந்த தாளில் ஒரு துண்டு வெட்டி, கொடியோடு கொடி பொருத்தி, அதற்குமேல் ஒட்டினேன். உற்றுப் பார்த்தாலும் தெரியாது. தொழில் தெரிந்தவன் அல்லவா. யாருக்கும் சொல்லவில்லை.

மாசியில் ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தார்கள். மகளுக்குத் தொய்வு முட்டி, மூச்சு எடுக்க முடியாமல் உதடு நீலமாகிவிட்டது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முகத்தில் மாஸ்க்கோடு படுத்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. வைத்தியர் ஓர் இளம்பெண். வீட்டில் ஈரம், பூஞ்சணம் ஏதும் உண்டா என்று பிரெஞ்சில் கேட்டார்.

"நோன்," இல்லை என்றேன்.

வெட்கம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால் பிள்ளையை எங்களிடமிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம் மறுபக்கம்.

மனைவிக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. "என்ன கேக்கிறா?" என்றாள்.

"ஒண்டுமில்லை. வீட்டைப் பற்றித்தான்."

மகள் மாஸ்க்கை இழுத்து, விட்டு விட்டுப் பிரெஞ்சில் சொன்னாள்: இலைகளுக்குப் பின்னால் கறுப்பாக இருக்கிறது, நான் உரித்துப் பார்த்தேன்.

வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார். கறுப்பு என்பதற்கான பிரெஞ்சுச் சொல் மனைவிக்குத் தெரியும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் அவவுக்கு என்ன சொன்னனியள்?"

இல்லையென்று சொன்னதைச் சொன்னேன்.

"பிள்ளையின்ரை மூச்சைவிட உங்களுக்கு மானமோ பெரிசு?"

அந்த இடத்திலேயே வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்த அறையில் பிள்ளை படுக்கக்கூடாது என்று ஒரு கடிதம் எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து தாளைப் பிடித்து இழுத்தேன். நனைந்த துணிபோலக் கையோடு வந்தது. பின்னால் நிலத்திலிருந்து கூரைவரை சுவரே கறுப்பு. முன்பு இருந்ததைப்போல மூன்று மடங்கு. கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த தாளை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தைப் பார்த்த வீட்டுக்காரர், அந்தக் கறுப்புக்கு மேலே பூச ஒரு பெயின்ட்காரரை அனுப்பினார். நான் கதவைத் திறக்கவில்லை.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு மூன்று பேரும் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் மெத்தை போட்டுப் படுத்தோம். இரண்டாவது துண்டு ஒட்டிய கதையை ஒரு காலையில் மனைவிக்குச் சொன்னேன். அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்," என்றாள். "வாளியிலை பசை காயாமல் இருந்தது."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"எனக்கும் அது போயிட்டுது எண்டு நம்பவேணும் போலை இருந்தது."

குசினியில் இருந்த காலத்தில் மகளை இன்னும் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வீடு தேடித் தேடி எனக்கு அலுத்துவிட்டது; மனைவி விடவில்லை, பூசைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டாள். கடைசியில் ஒருவர் சொல்லி, வில்லரேயில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது.

மகளுக்கு இப்போது ஏழு வயது. தொய்வுக்கு இழுக்கும் பம்ப் இல்லாமல் படியிறங்குவதில்லை. நான் தாளால் மூடிவைத்த அந்தச் சில கிழமைகள்தான் இதை இவ்வளவு ஆக்கினவா என்று அவளைப் பார்க்கும் வைத்தியரிடம் கேட்டேன். அது ஒருவராலும் சொல்ல முடியாதது என்றார். ஒவ்வொரு தடவை போகும்போதும் கேட்கிறேன். அவரும் சலிக்காமல் அதையே சொல்கிறார்.