ஸ்டெல்லா அக்கா மூட்டிய நெருப்பு

கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்கை இறக்கிக்கொண்டிருந்தபோது கங்காணியின் போன் அடித்தது. பதுளை ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா அக்காவோடு இருந்த அவர் புருஷன் மரியான் அண்ணன் பேசினார். கங்காணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே எங்களைப் பார்த்து, "ஸ்டெல்லா போயிட்டாளாம்" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அக்காவுக்கு நெஞ்சு வலி இருந்தது எனக்குத் தெரியும். மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவர்கள் நாங்கள். மேட்டில் ஏறும்போது கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். என் அம்மாவின் கால் முறிந்து, நான் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது அவர்தான். கடைசியாகப் போனபோது, "நீங்களும் ஒரு நம்பர் எடுங்கக்கா" என்றேன். "இன்னொரு நாளைக்குப் பாப்போம் புள்ள, ஒங்கம்மாவுக்குப் பஸ்ஸு போயிரும்" என்றார். சபையில் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டதாகப் பெருமையாகச் சாட்சி சொன்னபோது, "ஜெபமும் பண்ணுங்க, கிளினிக்குக்கும் போங்க. ரெண்டையும் ஆண்டவர்தான குடுத்திருக்காரு" என்று எழுந்து சொன்னவர் இவர். ஊருக்குச் சொன்னதைத் தனக்கு ஏன் சொல்லிக்கொள்ளவில்லை? இந்தக் கேள்விக்கு யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

சபையில் அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. "எழுதிக் குடு, நான் வாசிக்கிறேன்" என்றார் போதகரம்மா. அம்மா, தயவுசெய்து எதையும் விடாமல் வாசியுங்கள். அக்காவை நாம் அனுப்பிவைத்த விதம் சரியில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் அக்கா வீடு ஒன்றுதான் சபைக்குப் போகும் வீடு. மற்றவர்களெல்லாம் கோயில்காரர்கள். தண்ணீர்க் குழாயடியில் என் அம்மாவே ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஏன்டி ஸ்டெல்லா, எம் மகள கூட்டிக்கிட்டு கூட்டிக்கிட்டுப் போறியே, மதம் மாத்தப் போறியா?"

"மொதல்ல ஒங்க கூரைத் தகரத்த மாத்துவோம்க்கா. நேத்து மழை பூரா ஒங்க சட்டிலதான்."

குழாயடியே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை மரியான் அண்ணனை ஏணியோடு கூட்டிவந்து தகரத்தை மாற்றியும் கொடுத்தார். அன்றைக்கு அக்கா சபைக்கு வரவில்லை என்று அடுத்த வாரம் இங்கே குறையாகப் பேசினார்கள். பின் வரிசை வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி நெருப்பு. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் தப்பு மேளம் அடிக்காமல் பிணம் எடுப்பதில்லை. முனியாண்டி மாமாவும் அவர் ஆட்களும் எந்த மழையானாலும் வந்துவிடுவார்கள். ஈரக் காற்றில் தப்பின் தோல் தொய்ந்துபோகும். நெருப்பில் காய்ச்சினால்தான் சத்தம் எழும். சாவு வீட்டில் அதைப் பற்றி யாருக்கு நினைப்பு இருக்கும்? அக்காவுக்கு இருந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை, நாங்கள் மிலாறு என்போமே, ஒரு கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் காயவைத்திருப்பார். சமைக்க அதைத் தொடவே மாட்டார். யார் வீட்டில் சாவு என்றாலும் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தகரத்தால் மழையை மறைத்து நெருப்பு மூட்டுவார். பிறகு தேத்தண்ணீர் வரும். தப்படிப்பவர்களுக்கு மற்ற வீடுகளில் குடித்ததும் எறிந்துவிடும் கப்பில்தான் கொடுப்பார்கள். அக்கா தன் வீட்டுக் கண்ணாடிக் கிளாஸில் கொடுப்பார். அதே கிளாஸில் தானும் குடிப்பார்.

முனியாண்டி மாமா ஒருமுறை கேட்டார்.

"ஏன் தாயி, நீ வேதக்காரி. ஒனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

"எங்க ஆண்டவரும் விடியக்காலையில கடக்கரையில நெருப்புப் போட்டு, கூட்டாளிமாருக்கு மீன் சுட்டுக் குடுத்தவருதான் மாமா."

"அப்ப எங்களுக்கு வெறும் தேத்தண்ணியோட முடிச்சிட்டியே. ஒரு கருவாடு இல்லையா?"

அடுத்த சாவு வீட்டில் உண்மையாகவே கருவாடு சுட்டுக் கொடுத்தார். அக்கா சுவிசேஷம் சொல்லி நான் கேட்டது அவ்வளவுதான். விக்கிரக காரியத்துக்கு விறகு சுமக்கிறாள் என்று சபையில் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்ததும் எனக்குத் தெரியும். திரும்பி வரும் வழியில் என்னிடம் மட்டும் சொன்னார்: "மழையில வந்து நிக்கிறவன்கிட்ட நீ என்ன சாமி கும்புடுறன்னு கேக்க எனக்கு வாய் வராது புள்ள." எனக்கும்தான் வாய் வராது. ஆனால் அவருக்கு வராத வாயும் எனக்கு வராத வாயும் வேறு.

அக்காவின் பெட்டி வந்த அன்று நல்ல மழை. முனியாண்டி மாமா ஆட்கள் யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். தப்புகளைச் சாக்குக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். போதகர் வாசலுக்குப் போய், "இது விசுவாசியின் அடக்கம். இதெல்லாம் வேண்டாம்" என்றார். சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அவர்கள் கூரைத் தாழ்வாரத்துக்கு வெளியே போய் நின்றார்கள். அந்த மனிதர்களுக்கு ஒரு வாய் சுடுதண்ணீர் கொடுக்கவும் அந்த வீட்டில் ஆள் இல்லை. கொடுப்பவர் பெட்டிக்குள் இருந்தார்.

நான் போதகரிடம் போனேன். எப்படிப் போனேன் என்று இன்னும் தெரியவில்லை.

"ஐயா, அக்கா இருந்தா நெருப்பு மூட்டிக் குடுத்திருப்பாங்க."

அவர் என் தலையில் கைவைத்து, "அது அவங்க பலவீனம், மகளே. ஆண்டவர் மன்னிச்சிருப்பாரு" என்றார்.

போதகரம்மா, இந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் லயத்து ஆட்கள் இயேசு எப்படிப்பட்டவர் என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்களோ, அதற்குப் பெயர் பலவீனமா? குழியருகே போதகர் பிரசங்கம் செய்தார். இருளில் கிடக்கும் ஜனங்களுக்கு நடுவே அக்கா ஒரு விளக்காக இருந்தார் என்றார். அந்த ஜனங்கள் தேயிலைச் செடிகளுக்குள் நனைந்துகொண்டு நின்றார்கள். ஒருவர்கூடக் கலைந்து போகவில்லை.

சபை ஆட்களோடு வேன் தெமோதரைப் பாதையில் இறங்கிப் போனதும் நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். பரணில் மிலாறுக் கட்டு அப்படியே இருந்தது. குழிக்குப் பக்கத்திலேயே மூட்டினேன். புகைதான் வந்தது, கண்ணெல்லாம் எரிந்தது.

"மெதுவா ஊது புள்ள. அவ அவசரப்பட்டு ஊத மாட்டா" என்றார் முனியாண்டி மாமா.

மழை மறுபடி வலுத்து நெருப்பின் மேல் விழுந்தது. யாரோ குடை பிடித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் மரியான் அண்ணன். தான் நனைந்துகொண்டு, குடையை நெருப்புக்குப் பிடித்திருந்தார். தோல் காய்ந்து இறுகியது. அவர்கள் அடித்தார்கள். எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் அடிக்கும் அதே அடிதான். சத்தம் கேட்டு, லயத்தில் மிச்சமிருந்தவர்களும் வெளியே வந்து நின்றார்கள். அப்போதுதான் நான் அழுதேன்.

எப்போது ஞானஸ்நானம் எடுக்கப்போகிறாய் என்று போதகர் கேட்கிறார். ஐயா, எனக்கு மனம் இருக்கிறது. முனியாண்டி மாமா இந்தச் சபைக்கு ஒருநாள் வந்தால் அவருக்கு எந்தக் கிளாஸில் தேத்தண்ணீர் கொடுப்பீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

அக்காவின் வேதாகமத்தை மரியான் அண்ணன் வைத்திருக்கிறார். எனக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். கண்ணாடிக் கிளாஸ்களை வாங்கிக்கொண்டேன். இப்போது எங்கள் அடுப்புக்கு மேலும் ஒரு கட்டு மிலாறு காய்கிறது. சோற்றுக்கு விறகு இல்லாத அன்றைக்கு அம்மா அதை எடுக்கப் போனார். "அதத் தொடாதீங்கம்மா" என்றேன். என் குரல் அடுத்த வீட்டுக்கே கேட்டதாம்.