வீரம்மாள் வேகவைத்த ஆஸ்பரகஸ்

ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பு வெயிலில் வளர்ந்த வீரம்மாளுக்குக் கல்யாணமாகிக் கோடைக்கானலுக்கு வரும்வரை குளிர் என்றால் என்னவென்று தெரியாது. புருஷன் திருமலைச்சாமி பக்கத்து மலைக்கிராமமான பள்ளங்கிக்காரன். ஏரிக்கு மேலே மேட்டில் இருந்த ஒரு துரையின் பங்களாவில் தோட்டக்காரனாக இருந்தான். அதிகம் பேசமாட்டான். செடியோடு பேசுவான் என்று மற்ற வேலைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

அந்தப் பங்களாவின் சமையல்காரன் சுப்புராஜ். மதுரையில் வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்து இங்கிலீஷ் பேசக் கற்றவன். துரைசானிக்கு 'வா', 'போ', 'வெந்நீர்' தவிரத் தமிழில் ஒரு வார்த்தை வராது. துரைக்கும் அவ்வளவுதான். வேலைக்காரர்களில் யார் எதைச் சொல்ல வேண்டியிருந்தாலும் அது சுப்புராஜின் வாய் வழியாகத்தான் உள்ளே போகும்.

துரைசானி சீமையிலிருந்து வரவழைத்த ஆஸ்பரகஸ் என்ற தண்டுக் காய்கறியின் வேர்க்கட்டைகளைத் திருமலைச்சாமியிடம் கொடுத்து நடச் சொன்னாள். ஆழமாகப் பள்ளம் வெட்டி, குதிரைச் சாணமும் மணலும் இட்டு, வேரைச் சிலந்திக்கால் மாதிரி விரித்து வைத்து மூடினான். முதல் இரண்டு வருஷம் ஒரு தண்டையும் ஒடிக்கக் கூடாது என்பது துரைசானியின் உத்தரவு. ஒடித்தால் வேர் சீக்குப் பிடித்துவிடும்.

"நம்ம தண்ணிவிட்டான் கொடிக்கு இது ஒறமொறைதான். ஆனா நம்மது கிழங்குக்கு, இது குருத்துக்கு" என்று வீரம்மாளிடம் சொன்னான்.

இரண்டாவது வருஷக் குளிரில் வீரம்மாள் நிறைமாதம். குதிரை லாயத்தை ஒட்டிய அவர்கள் அறையில் விடியற்காலையில் தண்ணீர்ப்பானை மேல் பனி கட்டிவிடும். ஒருநாள் அவள் நடுங்கிக்கொண்டு போவதைத் துரைசானி பார்த்தாள். அடுப்படிக்குப் பின்னால் புகைக்கூண்டுச் சுவரை ஒட்டி இருந்த கதகதப்பான அறையை அவளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். அது சுப்புராஜின் அறை. அன்று சாயங்காலமே பாயையும் டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவன் லாயத்துக்குப் போனான்.

"இருங்க, இருங்க. நல்லா இருங்க" என்று சிரித்தபடிதான் போனான்.

அந்த அறையில்தான் பாப்பம்மாள் பிறந்தாள்.

மூன்றாம் வருஷம், சீசனுக்கு வெள்ளைக்காரர்கள் மலையேறி வரத் தொடங்கும் நேரம், பாத்தியில் தண்டுகள் விரல் விரலாக முளைத்தன. திருமலைச்சாமி வெள்ளனே எழுந்து, மண்ணுக்குக் கீழே கத்தியை விட்டு அறுத்து, ஈரத்துணியில் சுற்றி அடுப்படியில் கொடுத்தான். மத்தியானம் துரைசானி அவனைக் கூப்பிட்டாள். தட்டில் மென்று துப்பிய நார் கிடந்தது.

"மாடு திங்கிற வைக்கோலை வளத்திருக்கேன்னு சொல்றாங்க" என்றான் சுப்புராஜ்.

திருமலைச்சாமி திரும்பி வந்து பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து மண்ணை எடுத்து மோந்து பார்த்தான். எரு பத்தவில்லையோ என்று இன்னும் எரு போட்டான். மறுநாளும் நார்தான் வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

ஒரு காலையில் குழந்தைக்கு வெந்நீர் எடுக்க வீரம்மாள் அடுப்படிக்குப் போனாள். சுப்புராஜ் தண்டுகளை ஒவ்வொன்றாக இரு கையாலும் வளைத்துக்கொண்டிருந்தான். தண்டு தானாக எந்த இடத்தில் பட்டென்று ஒடிகிறதோ, அதற்கு மேல் இளசு, கீழே முற்றல். இளசையெல்லாம் நூலால் கட்டி, உயரமான பாத்திரத்தில் குருத்து மேலே இருக்க நிறுத்தினான். கொதிக்கும் உப்புத் தண்ணீர் கட்டின் பாதிக்குத்தான் நின்றது. அடி தண்ணீரில் வேக, நுனி ஆவியிலேயே வெந்தது. கத்தி முனையால் குத்திப் பார்த்து, தண்டு லேசாக வளையும்போதே எடுத்து, வெண்ணெய் உருக்கி ஊற்றி, எலுமிச்சை பிழிந்தான். பக்கத்தில் அவித்த முட்டை. அங்கேயே நின்று அவ்வளவையும் தின்றான். முற்றல் துண்டுகளைத் தோல்கூடச் சீவாமல் வேறொரு சட்டியில் போட்டுக் குழையக் குழைய வேகவைத்தான். அது துரைசானி மேஜைக்கு.

வாசலில் அவள் நிற்பதை அப்புறம்தான் கவனித்தான்.

"என்ன, எச்சி ஊறுதா? இந்தா, உம் புருசன் வளத்தது" என்று ஒரு முற்றல் துண்டை அவள் காலடியில் எறிந்தான்.

திருமலைச்சாமியிடம் அவள் சொன்னபோது அவன் கத்தியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தான்.

"இந்தப் பங்களாவுல அவன்தான் நமக்கு வாயி. அவனைப் பத்தி அவன் வாயாலயே எப்படிச் சொல்றது? விட்ரு புள்ள."

அவள் விடவில்லை. திருமலைச்சாமி விதைப் பொட்டலம் வாங்க வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போயிருந்த அன்று, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக வராந்தாவில் போய் நின்றாள். அங்கே சாமான் கொண்டு வந்திருந்த கடைவீதி சேக் பரீது ராவுத்தர் ஓரமாக நின்றிருந்தார். துரைசானி என்னவென்று கேட்க, சுப்புராஜ் கை துடைத்தபடி வந்து நடுவில் நின்றான்.

வீரம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமல் துரைசானியைப் பார்த்தே பேசினாள்.

"அம்மா, எம் புருசன் வளத்தது நல்லாத்தான் இருக்கு. கொழுந்தையெல்லாம் இவரு தின்னுட்டு, முத்தினதைத்தான் உங்களுக்கு அவிச்சுத் தர்றாரு. நானே கண்ணால பாத்தேன்."

சுப்புராஜ் தலைகுனிந்து பொறுமையாகக் கேட்டான். பிறகு மெல்ல இங்கிலீஷில் சொன்னான். துரைசானியின் முகம் சிவந்தது. வீரம்மாளைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"சொன்னதெல்லாம் சத்தியமான்னு கேக்குறாங்க. ஆமான்னு தலையை ஆட்டு" என்றான் சுப்புராஜ்.

அவள் தலையாட்டினாள். போதாதென்று குழந்தையின் தலையில் கை வைத்து, "பழனி முருகன் சத்தியமா" என்றாள். துரைசானி எழுந்து வந்து அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். வீரம்மாளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

வெளியே பாதையில் ராவுத்தர் அவளை நிறுத்தினார். அவருக்குக் கடை வியாபாரத்துக்கு வேண்டிய அளவு இங்கிலீஷ் தெரியும்.

"தாயி, நீ என்னத்துக்குத் தலையை ஆட்டினே? உம் புருசன் கொழுந்தையெல்லாம் திருடி வேற பங்களாவுக்கு விக்கிறான், மனசு கேக்காம நீயே வந்து சொல்றேன்னுல்ல அவன் சொன்னான். அது நெசமான்னுதான் அந்தம்மா கேட்டுச்சு."

வீரம்மாள் அவர் காலில் விழுந்தாள். உள்ளே போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். அவர் பின்வாங்கினார்.

"சாமான் வாங்குறது அவன் கையில இருக்கு. நாளைக்கு நானும் என் புள்ளைகளும் என்ன செய்யுறது? என்னை விட்ரு தாயி."

சாயங்காலம் திருமலைச்சாமி விதைப் பொட்டலத்தோடு படியேறியபோது துரை குதிரைச் சவுக்கோடு காத்திருந்தார். அடிக்கு நடுவில் சுப்புராஜ்தான் விஷயத்தை மொழிபெயர்த்துச் சொன்னான். "உம் பொண்டாட்டியே புள்ளை மேல சத்தியம் பண்ணிச் சொல்லிட்டா." வீரம்மாள் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். குதிரைக்காரர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்தது. திருட்டுக் கேஸில் சில மாதம் அவன் ஜெயிலில் இருந்தான்.

வெளியே வந்தவன் நேராக அவளிடம் வந்தான். பங்களாவை விட்டு வந்துவிட்ட அவள் கடைவீதிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பாத்திரம் கழுவிப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

"தலையை ஆட்டினியா, இல்லையா?"

"ஆட்டினேங்க. ஆனா அவன் கேட்டது..."

"போதும்."

தூங்கிக்கொண்டிருந்த பாப்பம்மாளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளங்கிப் பாதையில் நடந்தான். அவள் பின்னாலேயே ஓடினாள். அவன் கல்லை எடுத்தான். அவள் நிற்கவில்லை. இரண்டாவது கல் புருவத்தில் பட்டபின் நின்றாள்.

பிறகு வயதான ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸம்மா நடத்திய விடுதியில் அவளுக்கு எடுபிடி வேலை கிடைத்தது. ஒரு சீசனில் யாரோ ஆஸ்பரகஸ் கட்டு ஒன்றைப் பரிசாக அனுப்பியிருந்தார்கள். சமையற்கட்டில் யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. வீரம்மாள் எடுத்து வளைத்து ஒடித்தாள். சுப்புராஜ் செய்தது அத்தனையும் அவள் கைக்கு அப்படியே வந்தது. நிறுத்தி வேகவைத்தாள், வெண்ணெய் ஊற்றினாள், எலுமிச்சை பிழிந்தாள். பருத்த தண்டுகளுக்கு மட்டும் தோல் சீவிக்கொண்டாள். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் ஒடித்த முற்றலைப் போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, பால் விட்டு சூப்பாக்கினாள். விருந்தாளிகள் பாராட்டினார்கள். மிஸ்ஸம்மா அவளைச் சமையல்காரியாக்கினாள். யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்டால் அடுத்த பாத்திரத்தை எடுத்துக் கழுவுவாள். அவள் மட்டும் அதை வாயில் வைத்ததில்லை.

பள்ளங்கிக்குப் பல தடவை போய்ப் பார்த்தாள். திருமலைச்சாமியின் அண்ணன் வாசலிலேயே விரட்டினான். தகப்பனைக் காட்டிக் கொடுத்தவள் என்று பாப்பம்மாளுக்குச் சொல்லியே வளர்த்தார்கள்.

வருஷங்கள் போயின. யுத்தம் வந்தது. மேட்டுப் பங்களாத் துரையும் துரைசானியும் சீமைக்குப் போய்விட்டார்கள். சுப்புராஜ் காய்ச்சலில் செத்தான். அதன் பிறகுதான் சேக் பரீது ராவுத்தர் ஒருநாள் விடுதிக்கு வந்தார்.

"இனிமே எனக்குப் பயமில்லை தாயி. வா, நானே வந்து சொல்றேன்."

திருமலைச்சாமி கட்டிலில் படுத்துக் கிடந்தான். நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. வேறொருத்தி அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பாப்பம்மாள் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். ராவுத்தர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். துரைசானி கேட்டது, சுப்புராஜ் மாற்றியது எல்லாம்.

திருமலைச்சாமி கண்ணைத் திறந்தான்.

"தெரியும்" என்றான்.

"எப்பயிருந்து?" என்று வீரம்மாள் கேட்டாள்.

"பாப்பாவுக்குப் பல்லு விழுந்த வருசம். அந்த சுப்புராசு வத்தலக்குண்டு சந்தையில குடிச்சுட்டு, எங்கிட்டயே சொல்லிச் சிரிச்சான்."

"அப்புறம் ஏன் வரலை?"

"அப்ப இவ வந்துட்டா. மாசமாவும் இருந்தா. ஒன்னையக் கூட்டியாந்து எங்க வைக்க? இப்படியே கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

வீரம்மாள் மகளைப் பார்த்தாள். அம்மிக்குழவி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி உருண்டது.

"வந்த சோலி முடிஞ்சிருச்சுல்ல? வெரசா கெளம்புங்க. அப்பாவுக்குக் கஞ்சி குடுக்கணும்" என்றாள் பாப்பம்மாள், நிமிராமல்.

திரும்பும் வழியெல்லாம் ராவுத்தர் அழுதார். வீரம்மாள் முன்னால் நடந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் திருமலைச்சாமி செத்துப்போனான். பள்ளங்கியிலிருந்து ஒரு ஆள் விடுதிக்கு வந்தான். மூத்தாள் இருக்கும்போது இளையாளுக்கு மட்டும் தாலி அறுக்கக் கூடாதாம், ஊர் சொல்கிறது, வந்து உட்காரவேண்டுமாம்.

வீரம்மாள் அவனுக்குக் காப்பி கொடுத்தாள். அவன் குடித்து முடிப்பதற்குள் கழுத்திலிருந்த தாலியைத் தானே கழற்றி, ஒரு துணியில் முடிந்து அவன் கையில் வைத்தாள்.

"அடுப்புல ஒலை கெடக்கு, எனக்கு வரத் தோதில்லை. இதைக் கொண்டுபோய்க் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.